ராத்திரிக் கணக்கையும் பாருங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

பாலைவன நகரங்களைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையில், நான் பதினாறு வருடமாகக் குடியிருக்கும் அமெரிக்காவின் ஃபீனிக்ஸ் பகுதிக்கும் ஒரு பத்தி கொடுத்திருந்தீர்கள். படித்ததும் சந்தோஷம். ஆனால் இரண்டு இடங்கள் மனதில் தைத்துவிட்டன. 1990-இல் பதிவான 50 டிகிரியை இன்றுவரை எந்த வருடமும் தாண்டவில்லை, ஆகவே வெயில் கூடிவிட்டது என்பது மிகை என்று ஓரிடத்தில் இருந்தது. இன்னோரிடத்தில், வருடத்துக்கு 183 மில்லிமீட்டர் மழையை நம்பித்தான் இந்த ஊர் தண்ணீர் குடிக்கிறது என்று எழுதியிருந்தார்கள். இரண்டிலும் எண் சரி, எடுத்த முடிவுதான் தப்பு.

முதலில் வெயில். 1990 ஜூன் 26 அன்று இங்கே 50 டிகிரி பதிவானது. அன்று விமானங்கள் புறப்படுவதையே சிறிது நேரம் நிறுத்தி வைத்தார்கள். அவ்வளவு சூட்டில் விமானம் எத்தனை தூரம் ஓடி எழும்பும் என்ற கணக்கு விமானிகளிடம் இருந்த அட்டவணையில் இல்லை. பெரிய நாள்தான், ஆனால் அது ஒரே ஒரு நாள். ஒரு பிற்பகலில் காற்றும் வானமும் வெயிலுக்குத் தோதாகச் சேர்ந்துவிட்டால் உச்சச் சாதனை விழுந்துவிடும். ஒரு ஊர் சூடாகிறதா என்று அதை வைத்துச் சொல்ல முடியாது. ஒரு மாணவன் ஒரு பரீட்சையில் வாங்கிய நூற்றுக்கு நூறை வைத்து அவன் படிப்பை எடை போடுவது போலத்தான் அது.

தொடர்ந்து எத்தனை நாள் அடித்தது என்று பாருங்கள். 43.3 டிகிரிக்கு, அதாவது 110 ஃபாரன்ஹீட்டுக்கு, குறையாத நாட்கள் விட்டுப்போகாமல் வந்ததில் 1974-இன் 18 நாள்தான் வெகுகாலம் சாதனையாக இருந்தது. 2023-இல் அது 31 நாளாகிவிட்டது. ஜூன் கடைசி நாளில் தொடங்கி ஜூலை 30 வரை ஒரு நாள்கூட இடைவெளி இல்லை. அடுத்த வருடம் அப்படிப்பட்ட நாட்கள் மொத்தம் 70. 1990-இன் உச்சம் அப்படியே நிற்க, கீழே இருந்த எல்லாக் கணக்கும் மாறிவிட்டது.

இதையும் விட முக்கியம் ராத்திரி. எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன்.

2023 ஜூலையில் அப்பா ஊரிலிருந்து வந்திருந்தார். வயது எழுபத்தொன்று. வேலூர் வெயிலில் வளர்ந்தவர், "நாங்க பாக்காத வெயிலா" என்பார். ஒரு நாள் சாப்பிட்டுவிட்டு எட்டரை மணிக்கு நடக்கக் கிளம்பினார். சூரியன் போய்விட்டதே, இனி என்ன என்று நானும் தடுக்கவில்லை. அரை மணியில் தெரு முனையில் நடைபாதை ஓரமாக உட்கார்ந்திருந்தவரை ஒரு பக்கத்து வீட்டுக்காரர் கூட்டிவந்தார். முகத்தில் வியர்வையே இல்லை. இங்கே காற்று அவ்வளவு வறண்டது. வியர்க்க வியர்க்கக் காய்ந்துவிடும், உடம்பிலிருந்து தண்ணீர் போவதே தெரியாது. தண்ணீரும் உப்பும் கொடுத்துப் படுக்கவைத்த பிறகு நான் பின்கட்டுக்குப் போய் மதில்மேல் கைவைத்துப் பார்த்தேன். மணி பத்து. அடுப்பிலிருந்து இறக்கி ஆறாத தோசைக்கல் போல இருந்தது. அன்றிலிருந்துதான் நான் பகல் வெப்பத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டுக் குறைந்தபட்ச வெப்பத்தைப் பார்க்கத் தொடங்கினேன்.

அந்த மாதம் 19-ஆம் தேதி இங்கே குறைந்தபட்சமே 36.1 டிகிரி. விடியற்காலையின் குளிர்ந்த நேரத்தில் அவ்வளவு! தொடர்ந்து 16 நாள் ராத்திரி வெப்பம் 32 டிகிரிக்குக் கீழே இறங்கவே இல்லை. பாலைவனம் என்றால் பகலில் கொதித்து ராத்திரியில் குளிர வேண்டும். மேகமும் ஈரமும் இல்லாத வானத்தில் சூடு சட்டென்று மேலே போய்விடும். ஊருக்கு வெளியே புதர்க்காட்டில் இன்றும் அப்படித்தான். ஊருக்குள் தார்ச்சாலை, கான்கிரீட், மதில் எல்லாம் பகலில் வாங்கி வைத்த சூட்டை விடிய விடியத் திருப்பிக் கொடுக்கின்றன. ஃபீனிக்ஸ் அடங்கிய மாவட்டமான மரிகோபா கவுன்டியில் 2023-இல் மட்டும் வெயில் காரணமாக 645 பேர் இறந்தார்கள். வீட்டுக்குள் இறந்தவர்களில் பெரும்பாலோர் வீட்டில் ஏசி இருந்தும் அது ஓடவில்லை. உடம்புக்கு ஆற நேரம் கொடுக்காத ராத்திரியின் கணக்கு இதில் எவ்வளவு என்று உங்கள் வாசகர்களும் யோசிக்க வேண்டும்.

ஊரின் வெப்பத்தை விமான நிலையத்தில் வைத்து அளந்தால் சூடு கூடத்தானே காட்டும் என்று எங்கள் வாட்ஸ்அப் குழுவில் ஒரு நண்பர் அடிக்கடி கேட்பார். கேள்வி நியாயமானது. பதிவுகள் 1895-இல் தொடங்கின. முதலில் கருவி ஊருக்குள் இருந்தது, அப்புறம்தான் விமான நிலையத்துக்குப் போனது. சுற்றிலும் ஊர் வளர்ந்துவிட்டது. அதனால் ஏறிய சூடு முழுவதையும் பூமி சூடாவதன் கணக்கில் எழுத முடியாது, ஊர் வளர்ந்ததற்கும் ஒரு பங்கு உண்டு. காரணம் தேடும்போது இரண்டையும் பிரித்துத்தான் பார்க்க வேண்டும். ஆனால் அந்தக் கான்கிரீட்டுக்கு நடுவில்தானே நாற்பது லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் குடியிருக்கிறோம்! இதே நண்பர் கார் முகப்பில் தெரிகிற எண்ணைப் படமெடுத்துப் போடுவார். அது தார் மேல் நின்ற வண்டியின் சூடு. நிழலில், காற்றோட்டமான கூண்டுக்குள், ஆள் உயரத்தில் அளப்பதுதான் பதிவுக்கு வரும்.

சரி, மழைக்கு வருகிறேன். 183 மில்லிமீட்டர் என்பது 1991 முதல் 2020 வரை முப்பது வருடச் சராசரி. அதற்கு முந்தைய கணக்கில், 1981 முதல் 2010 வரை எடுத்தபோது, அது 204. எந்த முப்பது வருடம் என்று சொல்லாமல் சராசரி சொன்னால் ஒரு வருடம் வறட்சியா இல்லையா என்பதே மாறிப்போகும். 2002-இல் பெய்தது மொத்தமே சுமார் 72. 1905-இல் 500. பருவமழையை மட்டும் பார்த்தால் 2020-இல் 25, மறு வருடம் 107, 2023-இல் வெறும் 3.8. இந்த ஊரில் சராசரி மழை என்ற ஒன்று வானத்திலிருந்து விழுவதே இல்லை. 2014 செப்டம்பர் 8 அன்று, ஓய்ந்துபோன ஒரு புயலின் மிச்சம் வந்து ஒரே நாளில் 84 மில்லிமீட்டர் கொட்டியது. நெடுஞ்சாலையில் கார்கள் மிதந்தன. வருட மழையில் பாதிக்குக் கொஞ்சம்தான் குறைவு. அப்படி ஒரு நாள் வந்த வருடத்தை நல்ல மழை வருடம் என்று அட்டவணை சொல்லும்.

விமான நிலையக் கருவியில் விழுந்ததுதான் பதிவு என்பதும் ஒரு சிக்கல். என் பின்கட்டில் நான்கு அங்குல வாயுள்ள பிளாஸ்டிக் மழைமானி ஒன்று நிற்கிறது. தன்னார்வலர்கள் சேர்ந்து மழை அளக்கும் ஒரு வலையமைப்புக்காகக் காலை ஏழு மணிக்குப் படித்து அனுப்புகிறேன். ஒரு ஆகஸ்ட் மாலை புழுதிப்புயலைத் தொடர்ந்து அடித்ததில் எனக்கு 19 மில்லிமீட்டர். இருபது நிமிட தூரத்தில் இருக்கும் விமான நிலையத்தில் அன்று டிரேஸ், அதாவது தூறியது, ஆனால் அளக்கும் அளவுக்கு இல்லை. டிரேஸ் எத்தனை நாள் வந்தாலும் கூட்டலில் பூஜ்யம்தான். அதனால் பதிவில் பூஜ்யம் என்றால் ஊர் முழுக்க வறண்டது என்று அர்த்தம் இல்லை. என் 19-ஐ வைத்து ஊர் நனைந்தது என்று நானும் சொல்லக்கூடாது.

தண்ணீர் பற்றி ஒன்றே ஒன்று. எங்கள் குழாயில் வருவது இந்த 183 மில்லிமீட்டர் அல்ல. சால்ட், வெர்டே ஆறுகளின் மலைப்பக்கத்துப் பனியும் மழையும், அப்புறம் 540 கிலோமீட்டர் கால்வாய் வழியாக வரும் கொலராடோ ஆற்று நீரும்தான் முக்கியமானவை. ஊரில் மழை கொட்டியதும் ஏரி எவ்வளவு ஏறியது என்று பார்த்துப் பழகிய நமக்கு இது சட்டென்று பிடிபடாது. எனக்கே சில வருடம் ஆனது. இங்கே தண்ணீர்க் கவலைக்கு, கொலராடோ ஆறு புறப்படும் ராக்கி மலையில் எவ்வளவு பனி விழுந்தது என்று பார்க்க வேண்டும்.

ஒரு வேண்டுகோள். வெயில் செய்தி போடும்போது பகல் உச்சத்தின் பக்கத்தில் ராத்திரிக் குறைந்தபட்சத்தையும் ஒரு வரி போடுங்கள். உங்கள் இதழைப் படித்துவிட்டுப் பிள்ளைகள் வீட்டுக்கு டிக்கெட் போடும் பெற்றோர் நிறையப் பேர். ஃபீனிக்ஸ் பக்கம் வருவதாக இருந்தால் அக்டோபர் கடைசியில் வரச் சொல்லுங்கள். அப்பாவும் போன தடவை அப்போதுதான் வந்தார், எட்டரை மணிக்கு ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு நடந்தார்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
சாண்ட்லர், அரிசோனா.