கண்ணாடியில் பூக்கும் உப்பு: கார் வைத்திருக்கும் வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கமுங்க. வெயில் ஏறத் தொடங்கினால் கடைக்கு அதிகம் வரும் கேள்வி இதுதான்: "கண்ணாடியில வெள்ளைப் புள்ளி போகவே மாட்டேங்குதுங்க, என்ன போட்டுத் துடைக்கிறது?" போனில் ஒரு வரியில் பதில் சொல்லிவிட முடிவதில்லை. பார்வைக்கு ஒன்றுபோல இருந்தாலும் அந்தப் புள்ளிகளில் மூன்று வகை உண்டு. ஒன்று எலுமிச்சை உப்புக்கே (சிட்ரிக் அமிலம்) கரைந்துவிடும். இன்னொன்றுக்கு வீட்டில் இருக்கும் எந்த அமிலமும் பலிக்காது. மூன்றாவது கறையே இல்லை, கண்ணாடி அரிபட்ட குழி.

மூன்றுக்கும் தொடக்கம் தண்ணீர்தான். சிறுவாணித் தண்ணீரில் கழுவிய கண்ணாடியில் இந்தத் தொல்லை குறைவு. போர் தண்ணீர் அப்படியில்லை. நம் அவிநாசிப் பக்கத்து மண்ணுக்குள் சுக்கான் கல் (ஒருவகைச் சுண்ணாம்புக் கல்) கிடக்கிறது, அடியில் கருங்கல் பாறை. சுக்கானில் ஊறி வரும் தண்ணீர் கால்சியத்தையும் பாறையில் ஊறி வரும் தண்ணீர் சிலிக்காவையும் (மணலில் இருக்கும் அதே பொருள்) சுமந்து வருகிறது. குடிநீரில் கடினத்தன்மை, அதாவது கால்சியம், மெக்னீசியம் உப்புகளின் அளவு, லிட்டருக்கு 200 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது, வேறு வழியில்லாவிட்டால் 600 வரை போகலாம் என்பது இந்தியத் தர நிர்ணயம். அந்த 600 இருக்கும் தண்ணீர் வண்டியின் மேல் அரை லிட்டர் அப்படியே காய்ந்தால், சுண்ணாம்புக் கணக்கில் 0.3 கிராம் வண்டியிலேயே தங்கும். வாரம் ஒரு கழுவல் என்றால் வருஷத்துக்கு 15 கிராமுக்கு மேல்.

பலர் டிடிஎஸ் மீட்டரை வைத்துப் பார்த்துவிட்டு வருகிறார்கள். அது தண்ணீரில் கரைந்த எல்லா உப்பையும் சேர்த்துக் காட்டும். அதில் சோடியம் உப்பு எவ்வளவு இருந்தாலும் ஈரத்துணிக்குப் போய்விடும். ஒட்டிக்கொள்வது கால்சியமும் மெக்னீசியமும். ஆகவே கடினத்தன்மையைத் தனியாகப் பார்க்க வேண்டும். குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் கட்டணம் கட்டிப் பார்த்துக்கொள்ளலாம்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். ஆர்.ஓ. மெஷினிலிருந்து வெளியேறும் தண்ணீரை வீணாக்காமல் கார் கழுவப் பிடித்து வைக்கிறீர்கள். எண்ணம் நல்லதுதான், கண்ணாடிக்குத்தான் ஆகாது. 3 லிட்டர் உள்ளே போய் 1 லிட்டர் நல்ல தண்ணீர் கிடைத்தால், அந்த உப்பு ஏறக்குறைய முழுவதும் மீதி 2 லிட்டரில் இருக்கிறது. அதாவது போர் தண்ணீரை விட ஒன்றரை மடங்கு கெட்டி. அதை வாசல் தெளிக்க வைத்துக்கொள்ளுங்கள். ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீர் இதற்கு நேர் எதிர். அதில் உப்பே கிடையாது என்று சொல்லலாம்.

எந்த வகைக் கறை என்று கண்டுபிடிக்க, கண்ணாடியை ஷாம்பு போட்டுக் கழுவித் துடைத்துவிட்டு நகத்தால் மெல்ல வருடுங்கள். மேடு தட்டினால் படிவு. அதன்மேல் வினிகர் நனைத்த பஞ்சை வைத்து ஐந்து நிமிடம் பொறுங்கள். பொடிப்பொடியாகக் குமிழ் விட்டுக் கரைந்தால் சுண்ணாம்பு. அசையாமல் இருந்தால் சிலிக்கா அல்லது ஜிப்சம். நகத்துக்கு மேடே தட்டாமல், பக்கவாட்டில் டார்ச் அடித்தால் மட்டும் வளையம் தெரிந்தால் பெரும்பாலும் அரிப்பு.

சுண்ணாம்பு வகையை வீட்டிலேயே எடுக்கலாம். வண்டி நிழலில் நிற்க வேண்டும், கண்ணாடி கை வைத்தால் சில்லென்று இருக்க வேண்டும். மளிகைக் கடையில் கிடைக்கும் எலுமிச்சை உப்பு 50 கிராமை 1 லிட்டர் நல்ல தண்ணீரில் கரைத்து, பாத்திரம் கழுவும் திரவம் இரண்டு சொட்டு விடுங்கள். டிஷ்யூ பேப்பரை அதில் நனைத்துக் கண்ணாடியில் ஒட்டி 10 நிமிடம் விட்டு, அதே பேப்பரால் துடைத்து, தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள். மிச்சம் இருந்தால் இன்னொரு முறை. அழுத்தித் தேய்ப்பதை விட ஊறவிடுவதுதான் வேலை செய்யும். பேப்பர் மட்டும் காயக் கூடாது. எலுமிச்சை உப்பும் கால்சியமும் சேர்ந்து உண்டாகும் பொருள் தண்ணீரில் எளிதில் கரையாது. காய்ந்துவிட்டால் புதிதாக ஒரு வெண்படலம் உட்கார்ந்துகொள்ளும். படிவு தடிப்பாக இருந்தால் வெள்ளை வினிகரைத் தண்ணீர் கலக்காமல் போடுங்கள், அதில் உண்டாகும் உப்பு நன்றாகக் கரையும். கடைசியில் 1 லிட்டர் தண்ணீரில் ஒரு ஸ்பூன் சமையல் சோடா கலந்து, ரப்பர் பீடிங்கிலும் கதவு விளிம்பிலும் ஊற்றிக் கழுவிவிட்டால் அமிலம் தங்காது. போர்ட்டிகோவில் கடப்பா கல் பதித்திருந்தால் வண்டியை வெளியே நகர்த்திவிட்டுச் செய்யுங்கள். அதுவும் சுண்ணாம்புக் கல்தான், அமிலம் சொட்டிய இடம் வெளுத்துவிடும்.

புளி போட்டுத் தேய்த்த வண்டிகளும் வருகின்றன. புளியில் அமிலம் இருப்பது வாஸ்தவம். அதோடு நாரும் மண்ணும் இருப்பதும் வாஸ்தவம், கீறல் விழுவது அந்த மண்ணால். பாத்திரம் தேய்க்கும் கம்பி நார் வேண்டவே வேண்டாம். பாத்ரூம் ஆசிட் கறையை எடுத்தாலும் குரோமையும் அலுமினியத்தையும் சேர்த்துக் கெடுக்கும். ஹைட்ரோஃபுளோரிக் அமிலம் கலந்த கறைநீக்கி எதையும் தொடாதீர்கள். அது கண்ணாடியையே கரைக்கும், தோல் வழியாக உள்ளே இறங்கி எலும்பு வரை போகும்.

சிலிக்கா வகையைத் தேய்த்துத்தான் எடுக்க வேண்டும். சீரியம் ஆக்சைடு பொடியைத் தண்ணீரில் தோசை மாவுப் பதத்துக்குக் கரைத்து, ஃபெல்ட் பேட் மாட்டிய பாலிஷ் மெஷினில் நிமிடத்துக்கு 1000 முதல் 1500 சுற்று வேகத்தில், இடைவிடாமல் ஈரம் காட்டிக்கொண்டே ஓட்ட வேண்டும். ஈரம் வற்றினால் சூடேறும். முன்கண்ணாடி இரண்டு கண்ணாடிக்கு நடுவே பிளாஸ்டிக் படலம் வைத்து ஒட்டியது, ஒரே இடத்தில் சூடேறினால் விரிசல் விடலாம். இதை எங்களிடம் விட்டுவிடுவது நல்லது என்று சொல்வது வியாபாரத்துக்காக அல்ல.

அரிப்பு லேசாக இருந்தால் இதே பாலிஷில் மங்கும். ஆழமாக இருந்தால் அந்த இடத்தைக் குடைய வேண்டியிருக்கும். அப்புறம் அதன் வழியே பார்த்தால் ரோடு நெளிந்து தெரியும். ஓட்டுநர் பார்வைக்கு நேரான இடத்தில் அந்த வேலையை நாங்கள் எடுப்பதில்லை, கண்ணாடியை மாற்றச் சொல்லிவிடுவோம். கதவுக் கண்ணாடிக்கும் பல சமயம் மாற்றுவதே கணக்குக்கு ஒத்துவரும். இந்த அரிப்பைச் சீக்கிரம் கொண்டுவருவது அபார்ட்மென்ட் பார்க்கிங்கில் கான்கிரீட் விரிசல் வழியாகச் சொட்டும் தண்ணீர். சிமென்ட்டின் காரம் அதில் இறங்கி வருகிறது. காரம் கண்ணாடியையும் தின்னும், பெயின்ட்டையும் தின்னும். அங்கே சொட்டியதை அன்றன்றே கழுவிவிடுங்கள். முடிந்தால் இடத்தை மாற்றுங்கள்.

கழுவுவது காலை வெயிலுக்கு முன்போ சாயங்காலமோ இருக்கட்டும். போர் தண்ணீரில் கழுவினாலும் தப்பில்லை. கடைசியில் ஏசி தண்ணீரோ சிறுவாணி, பில்லூர் குழாய்த் தண்ணீரோ 5 லிட்டரைப் பூவாளியில் மேலிருந்து ஊற்றி, வைப்பரால் வழித்து, மைக்ரோஃபைபர் துணியால் ஒற்றிவிடுங்கள். தண்ணீர் ஒட்டாமல் உருளும் கோட்டிங் நாங்களும் போடுகிறோம். ஆனால் துடைக்காமல் விடுபவர்களுக்கு அது உதவாது. தண்ணீர் முத்து முத்தாக நின்று காயும்போது, பரவிக் கிடக்க வேண்டிய உப்பு ஒவ்வொரு முத்தின் அடியிலும் வளையமாகச் சேரும்.

பழைய கறையோடு வண்டியைக் கொண்டு வருபவர்கள், வீட்டில் எதைப் போட்டுத் தேய்த்தீர்கள் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். பின்கண்ணாடியின் உட்புறம் கோடு கோடாக ஓடும் சூடேற்றும் கம்பிகளைத் தேய்த்திருந்தால் அதையும் சொல்லிவிடுங்கள். கறை சோதனைக்குப் பணம் இல்லை. பாலிஷ் வேலைக்கு வண்டியை ஒரு நாள் விட வேண்டும்.

இப்படிக்கு,
வாட்டர் வாஷ் கடையினர்,
அவிநாசி