ஜான் புரூகெல் ஜெயித்ததால் ஸ்கேன் தோற்றதா?

ஆசிரியருக்கு,

வணக்கம். போன இதழில் மெல்பர்ன் கோப்பைக் குதிரைப் பந்தயம் பற்றிய கட்டுரையைப் படித்தேன். பார்வையாளர்களின் தொப்பிகளும் பரிசுத்தொகையும் சுவையாகத்தான் இருந்தன. ஆனால் ஜான் புரூகெல் என்ற குதிரையை ஸ்கேன் காட்டி நிறுத்திய மருத்துவர்கள் முகத்தில் அந்தக் குதிரையே கரி பூசியது என்று எழுதியிருந்தது சரியாகப் படவில்லை.

2024 கோப்பைக்கு வந்தபோது அது நொண்டவில்லை. மருத்துவர் குழு ஓடவிடவில்லை. பயிற்சியாளர் ஏய்டன் ஓ'பிரையன் அதை ஏற்கவும் இல்லை. 2025 ஜூனில் இங்கிலாந்தின் எப்சமில் கலண்டகன் என்ற குதிரையையே முந்தி கரோனேஷன் கோப்பையை வென்றது. சரி, அதனால் என்ன? மருத்துவர்கள் சொன்னது இந்தக் குதிரையால் ஓட முடியாது என்றா? இன்றைக்கு ஓடினால் எலும்பு முறியும் அபாயம் கூடுதல் என்றுதானே! ஏழு மாதம் கழித்து ஓடிய ஓட்டம் அதைப் பொய்யாக்காது.

அதே பயிற்சியாளரின் ஆண்டனி வான் டைக் 2019-இல் எப்சம் டெர்பி பந்தயத்தை வென்ற குதிரை. 2020 கோப்பையில் கால் முறிந்து, கருணைக்கொலை செய்யப்பட்டது. கொரோனாவால் கூட்டமே இல்லாத மைதானம். வீட்டில் டிவியில் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த மௌனம் இன்னும் காதில் இருக்கிறது. வெளிநாட்டுக் குதிரைகளுக்கு ஸ்கேன் கெடுபிடி கூடியது அதற்கப்புறம்தான்.

நானும் கண்ணால் குதிரை பார்க்கிறவன்தான். மினுக்கும் தோல், லேசாகத் தெரியும் விலா, பின்னங்கால் இடுக்கில் நுரைத்த வியர்வை இருக்கிறதா என்று எல்லாம் கவனிப்பேன். துள்ளுநடையில் விட்டால், வலிக்கும் முன்னங்கால் தரையில் படும்போது தலை மேலே எழும்பும். ஆனால் தொடர்ந்த கடும் ஓட்டத்தால் எலும்புக்குள் விழும் மயிரிழைக் கீறல் தலையாட்டிச் சொல்லாது. அதற்குத்தான் ஸ்கேன்.

கட்டுரையில் பந்தயத் தரையைப் பற்றி ஒரு வரி கூட இல்லையே! இங்கே தரைக்கு 1 முதல் 10 வரை மதிப்பெண் உண்டு: 1, 2 இறுகிய தரை, 3, 4 நல்ல தரை, 5 முதல் 7 வரை இளகியது, 8 முதல் 10 வரை சேறு. கம்பியைத் தரையில் இறக்கி எவ்வளவு ஆழம் போகிறது என்றும் அளப்பார்கள். இறுகிய தரை எலும்பைப் பதம் பார்க்கும், சேறு தசையையும் மூச்சையும் வாங்கிவிடும். 3200 மீட்டருக்கு இது சின்ன விஷயமல்ல. மழை பெய்தால் மதிப்பெண் அன்றைக்கே மாறும். ஒரு வருடம் காலையில் '4' என்று பார்த்துக் கண்ணாடிபோல மினுக்கிய குதிரை மேல் பணம் கட்டினேன். மதியம் கொட்டித் தீர்த்தது. கடைசிக்கு முந்தைய இடத்தில் வந்தது. தோல் அப்போதும் மினுக்கிக்கொண்டுதான் இருந்தது!

அடுத்த நவம்பரில் கட்டுரை போடுவதானால் குதிரைகளின் பட்டியலோடு அன்றைய தரை மதிப்பெண்ணையும் போடுங்கள். தொப்பிப் படம் ஒன்று குறைந்தால் பரவாயில்லை.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
ஃபுட்ஸ்கிரே, மெல்பர்ன்