யாஸ்மின் ரஷீதின் அமைச்சர் காலத்தையும் எழுதுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். பாகிஸ்தான் அரசியல் பற்றி உங்கள் இதழில் வருவதை விடாமல் படிக்கிறேன். டாக்டர் யாஸ்மின் ரஷீதின் பெயர் வரும்போதெல்லாம் 'சிறையில் இருக்கும் இம்ரான் கட்சித் தலைவர்களில் ஒருவர்' என்ற ஒற்றை வரியோடு விஷயம் முடிந்துவிடுகிறது. பதினோரு கோடிக்கும் மேல் மக்கள் வாழும் பஞ்சாப் மாகாணத்துக்கு 2018 முதல் 2022 வரை சுகாதார அமைச்சராக இருந்தவர் அவர். அந்த நான்காண்டுக் கதையை ஏன் யாரும் எழுதுவதில்லை?

அரசியலுக்கு வருமுன் லாகூரில் மகப்பேறு மருத்துவப் பேராசிரியராக இருந்தார். ரத்தச் சிவப்பணுக்கள் சரியாக உருவாகாத பரம்பரை நோயான தலசீமியாவைத் தடுக்கும் பஞ்சாப் திட்டத்தோடு அவர் பெயர் சேர்ந்தே வரும். ரத்த வங்கியில் பல காலம் வேலை பார்த்த செவிலியர் என்பதால் அதன் அருமை எனக்குத் தெரியும். கடுமையான தலசீமியா உள்ள குழந்தைக்கு மாதம் ஒரு முறையாவது ரத்தம் ஏற்ற வேண்டும். குத்திக் குத்தி நரம்பே அகப்படாமல் போன சின்னக் கைகளைப் பிடித்துக்கொண்டு, தாயின் முகத்தைப் பார்க்க முடியாமல் நின்றிருக்கிறேன். அப்பா, அம்மா இருவரிடமும் அந்த மரபணு இருந்தால் ஒவ்வொரு பிரசவத்திலும் நாலில் ஒரு பங்கு ஆபத்து. சொந்தத்தில் பெண் எடுக்கும் வழக்கம் நம்மைப் போலவே அங்கும் உண்டு. அதனால் நோயுள்ள குழந்தையின் சித்தப்பா, அத்தை, மாமா பிள்ளைகள் என்று குடும்பம் முழுவதையும் தேடிப் பரிசோதிப்பது, கருவிலேயே கண்டறிவது என்று அந்தத் திட்டம் போனது. மேடையில் பேசிக் கைதட்டல் வாங்கும் வேலை இல்லை இது.

தேர்தலில் அவருக்கு அதிர்ஷ்டமே இல்லை. 2013இல் லாகூரில் முன்னாள் பிரதமர் நவாஸ் ஷெரீப்பின் கோட்டையிலேயே அவரை எதிர்த்து நின்று சுமார் 39,000 வாக்குகளில் தோற்றார். 2017இல் உச்ச நீதிமன்றம் நவாஸைப் பதவி நீக்கியதால் அதே தொகுதியில் இடைத்தேர்தல் வந்தது. நவாஸின் மனைவி குல்சூம் லண்டனில் புற்றுநோய்ச் சிகிச்சையில் இருந்தபடியே வேட்பாளர். மகள் மரியம்தான் பிரசாரம் செய்தார். யாஸ்மின் வீடு வீடாக ஏறி இறங்கி அந்த வித்தியாசத்தை 15,000க்குக் கீழே கொண்டுவந்தார். 2018இலும் தோல்விதான். மகளிருக்கான ஒதுக்கீட்டு இடம் வழியாகத்தான் மாகாணச் சட்டமன்றத்துக்குள் போனார், அமைச்சரானார்.

அமைச்சராக அவர் செய்ததெல்லாம் சரி என்று நான் சொல்லவில்லை. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளைத் தனி நிர்வாகக் குழுக்களிடம் ஒப்படைக்கும் சட்டத்தை அவரது அரசு கொண்டுவந்தபோது, 2019இல் இளம் மருத்துவர்களும் செவிலியர்களும் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். வெளிநோயாளிப் பிரிவுகள் வாரக்கணக்கில் மூடிக் கிடந்தன. மருத்துவர் சங்கத்தில் பொறுப்பு வகித்தவர், அவர்களோடு முன்கூட்டியே உட்கார்ந்து பேசியிருக்க வேண்டும். கொரோனா காலத்தில் லாகூர் மக்களைத் தொலைக்காட்சியில் கடுமையாகப் பேசியதும் தப்புதான்.

ஆனால் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 10 லட்சம் பாகிஸ்தான் ரூபாய் வரை உள்நோயாளிச் சிகிச்சை தரும் 'சேஹத் கார்டு' திட்டம் 2022 தொடக்கத்தில் மாகாணம் முழுவதற்கும் விரிந்தது அவர் காலத்தில்தான். அப்போது அடையாள அட்டை எண்ணே போதுமானதாக இருந்தது, ஏழை என்று சான்றிதழ் காட்ட வேண்டியிருக்கவில்லை. தனியார் மருத்துவமனைகளுக்குத்தான் பணம் போகிறது என்ற குறை அப்போதே எழுந்தது. அது நியாயமான கேள்வி. அதைத்தான் உங்கள் கட்டுரையாளர்கள் அலச வேண்டும். நமக்கும் பழக்கமான விவகாரம்தானே!

இந்த அம்மாவின் மேல் எனக்கு மரியாதை வந்தது வேறொரு விஷயத்தில். 2019 அக்டோபரில் காவலில் இருந்த நவாஸ் ஷெரீப்பின் ரத்தத் தட்டணுக்கள் சட்டென்று சரிந்தன. லாகூர் சர்வீசஸ் மருத்துவமனையில் சேர்த்தார்கள். தட்டணு எண்ணிக்கை சில ஆயிரங்களுக்கு இறங்கினால் உடம்புக்குள் எங்கே வேண்டுமானாலும் ரத்தக் கசிவு வரலாம். தேர்தலில் தன்னைத் தோற்கடித்தவர், தன் கட்சியின் முதல் எதிரி. அப்படியிருந்தும், அவர் நடிக்கவில்லை, உண்மையிலேயே நோயாளி என்று அமைச்சரான யாஸ்மினே பத்திரிகையாளர்களிடம் சொன்னார். நவாஸ் ஜாமீனில் சிகிச்சைக்காக லண்டன் போன பிறகு அறிக்கைகளே போலி என்று சொந்தக் கட்சியிலேயே குரல் எழுந்தது. அப்போதும் அறிக்கைகள் உண்மையானவை என்பதிலிருந்து அவர் பின்வாங்கவில்லை. ஜாமீன் நீட்டிப்பை பின்னர் பஞ்சாப் அரசு மறுத்தது வேறு கதை.

2020 இறுதியில் அவருக்கே மார்பகப் புற்றுநோய். அறுவை சிகிச்சை, கீமோ, இரண்டுக்கும் நடுவில் கொரோனா வேலை. கீமோ முடிந்த மறுநாள் தலை தூக்க முடியாமல் கிடப்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். அதனால்தான் இதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ள முடியவில்லை.

இம்ரான் கான் கைதானதும் மூண்ட 2023 மே 9 கலவரத்தை ஒட்டி யாஸ்மின் கைதானார். ஒரு வழக்கில் விடுவிக்கப்பட்டும், வேறு வழக்குகள் இருந்ததால் வெளியே வர முடியவில்லை. 2024இல் சிறையில் இருந்தபடியே நவாஸை எதிர்த்துப் போட்டியிட்டார். 2025 ஜூலையில் லாகூர் பயங்கரவாத எதிர்ப்பு நீதிமன்றம் பத்தாண்டுத் தண்டனை விதித்தது. இன்று அந்த மாகாணத்தின் முதல்வர், 2017இல் அம்மாவுக்காக வாக்குக் கேட்ட அதே மரியம்.

வழக்கின் நியாய அநியாயத்தை மேல்நீதிமன்றங்கள் பார்க்கட்டும். எழுபதைத் தாண்டிய, புற்றுநோய்க்குச் சிகிச்சை எடுத்த ஒரு பெண்ணின் உடல்நிலையை அரசியல் சாராத மருத்துவக் குழு பார்க்க வேண்டும், அது சொல்வதை அரசு கேட்க வேண்டும். நவாஸுக்கு அன்று கிடைத்தது அதுதான். அதை இவருக்கும் கேட்டு உங்கள் இதழ் ஒரு தலையங்கம் எழுத வேண்டும். அப்புறம், சேஹத் கார்டு பற்றியும் அந்த வேலைநிறுத்தம் பற்றியும் விவரமான கட்டுரை ஒன்று வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற செவிலியர் ஒருவர்,
மதுரை