தேதியும் இடமும் இல்லாத பதிவேடு: ஒரு திறந்த மடல்

மருத்துவமனைப் பதிவுகளைப் பாதுகாக்கும் அதிகாரிகளுக்கு வணக்கம்.

பதினொரு மாதம் காத்திருந்த பிறகு, நீங்கள் அனுப்பிய கோப்பு சென்ற வாரம் கைக்கு வந்தது. நன்றி. திறந்ததும் முதல் வரி: வயது 6, மூச்சிரைப்பு, உள்நோயாளி. தேதி இருக்க வேண்டிய இடத்தில் வெறும் ஆண்டு. முகவரிக்குப் பதில் மாவட்டத்தின் பெயர். கடைசி வரி வரைக்கும் இதே கதைதான்.

எதற்குக் கேட்டேன் என்பது விண்ணப்பத்திலேயே இருக்கிறது: காற்று மாசுக்கும் மூச்சுக் கோளாறுகளுக்கும் உள்ள தொடர்பை ஆராய. நாசாவின் டெர்ரா, அக்வா செயற்கைக்கோள்கள் 705 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றியபடி எடுத்த அளவீடுகளிலிருந்து, காற்றிலுள்ள தூசு எவ்வளவு ஒளியை மறைக்கிறது என்பது ஒரு கிலோமீட்டர் கட்டங்களாக, நாள்வாரியாகக் கிடைக்கிறது. அதுவும் இலவசமாக. வானத்திலிருந்து அத்தனை நுணுக்கமாக வரும் தகவலை உங்கள் மேசையிலிருந்து வரும் மாவட்டப் பெயரோடு எப்படிப் பொருத்துவது? அந்தக் குழந்தையின் வீடு நெடுஞ்சாலையை ஒட்டியா, தோப்புக்கு நடுவிலா? மூச்சுத் திணறியதற்கு முந்தைய நாள் புகை அதிகமா? ஆண்டை வைத்துக்கொண்டு என்ன சொல்ல?

செயற்கைக்கோள் சர்வரோக நிவாரணி அல்ல. மேகம் மூடினால் அன்றைய கணக்கு போச்சு. அது பார்ப்பது தரையிலிருந்து மேல்வரையுள்ள மொத்தக் காற்றை; மூக்குக்கு எட்டும் காற்றில் பிஎம் 2.5 (2.5 மைக்ரோமீட்டரும் அதற்குக் குறைவுமான விட்டமுள்ள நுண்துகள்) எவ்வளவு என்பதைத் தரைக் கருவிகளையும் ஈரப்பதத்தையும் வைத்து நாங்கள்தான் கணக்கிட வேண்டும். அந்தப் பாட்டை நாங்கள் படுகிறோம்.

தனியுரிமை என்பீர்கள். நியாயம். கதவு எண் எனக்கும் வேண்டாம். கட்டவாரியான மாசுக் கணக்கை நான் தருகிறேன். உங்கள் அறையிலேயே உங்கள் ஆட்களே முகவரியோடும் தேதியோடும் பொருத்தட்டும். பிறகு இரண்டையும் அழித்துவிட்டு, நோயாளி மருத்துவமனையில் சேர்ந்த நாளுக்கும் முந்தைய ஏழு நாட்களுக்கும் உரிய மாசு அளவை மட்டும் கொடுங்கள். இதை நான் எழுதுவது மூன்றாவது முறை.

உலக சுகாதார நிறுவனம் 2021இல் பிஎம் 2.5க்கான ஆண்டு வழிகாட்டு அளவைக் கனமீட்டருக்கு 10 மைக்ரோகிராமிலிருந்து 5ஆகக் குறைத்துவிட்டது. நம் கூட்டங்களிலோ, 'நம் மக்களுக்குப் பாதிப்பு என்பதற்கு ஆதாரம் இல்லை' என்ற பழைய பல்லவிதான். எப்படி இருக்கும்? பூட்டிய அலமாரியை வெளியிலிருந்து தட்டிப் பார்த்துவிட்டுக் காலி என்கிறீர்கள்!

பேச்சு தடம் மாறிவிட்டது, பொறுத்தருள்க. பொருத்தும் வேலையை நீங்களே செய்து, மாசு அளவை மட்டும் தாருங்கள் என்பதுதான் கோரிக்கை. கட்டக் கோப்பை மறுபடியும் இணைத்திருக்கிறேன். முதல் 100 பதிவுகளுக்கு மட்டுமாவது தயவுசெய்து செய்து பாருங்கள்.