புகார்: தொட்டித் தண்ணீருக்கு ஒத்துவராத சொட்டுநீர் கிட், பணத்தைத் திருப்பித் தரக் கோரி

வாடிக்கையாளர் சேவைப் பிரிவுக்கு,

வணக்கம். போன மாதம் உங்களிடம் 6,850 ரூபாய்க்கு வீட்டுத்தோட்டச் சொட்டுநீர் கிட் வாங்கினேன். பில்லும் படங்களும் இணைத்திருக்கிறேன். இதுவரை நான்கு முறை போன் செய்தாயிற்று. நான்கு முறையும் ஒரே பதில்: "ஃபில்டரைக் கழுவிப் பாருங்க மேடம்." கழுவிக் கழுவி வலை பளபளவென்று இருக்கிறது. கோளாறு அங்கே இல்லை.

எங்கள் தொட்டியின் அடி, மொட்டை மாடித் தளத்திலிருந்து ஐந்தடி உயரத்தில் இருக்கிறது. பத்து மீட்டர் உயரத்திலிருந்து இறங்கும் தண்ணீருக்குத்தான் ஏறக்குறைய ஒரு கிலோ பிரஷர். ஐந்தடிக்கு அதில் ஆறில் ஒரு பங்குகூட வராது. நீங்கள் கொடுத்த டிரிப்பர் (செடியடியில் தண்ணீரைச் சொட்டவிடும் சின்ன மூக்கு) பாக்கெட்டிலோ, கண்ணாடி போட்டால் மட்டும் தெரிகிற எழுத்தில், "1 கிலோ பிரஷரில் மணிக்கு 4 லிட்டர்" என்று அச்சடித்திருக்கிறது. வாங்கும் முன்பே "தொட்டித் தண்ணீர் போதுமா?" என்று கேட்டேன். "தாராளமா போதும்" என்றார் உங்கள் ஆள். தொட்டி எவ்வளவு உயரம் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை மாடியில் வரிசையாக வைத்திருக்கும் செடிப் பைகளின் டிரிப்பர்களுக்குக் கீழே பழைய தயிர் டப்பாக்களை வைத்து அளந்தேன். அரை மணி நேரத்தில் 2 லிட்டர் வந்திருக்க வேண்டும். முதல் பைக்கு 650 மில்லி. நாற்பதாவது பைக்கு டப்பாவின் அடி நனைந்திருந்தது, அவ்வளவுதான். அந்தக் கோடியில் இருந்த தக்காளி ஐந்தும் வாடிப் போயின.

டைமர் கதை இன்னும் மோசம். காலை ஆறு மணிக்கு 'டிக்' என்று சத்தம் வரும், தண்ணீர் வராது. உள்ளே இருக்கும், மின்சாரத்தில் இயங்கும் சோலனாய்டு வால்வு திறக்கவே கொஞ்சம் பிரஷர் வேண்டுமாம். தொட்டிக்கு, உள்ளே ஒரு பந்து திரும்பி வழிவிடும் பால் (ball) வால்வு டைமர்தான் சரி என்று தெருமுனை பிளம்பர் சொல்லித் தெரிந்துகொண்டேன். இதை நீங்களல்லவா சொல்லியிருக்க வேண்டும்?

கீழே தரைத் தோட்டத்தில் பிரஷர் பரவாயில்லை. ஆனால் கீரைப் பாத்தியில் இரண்டடிக்கு ஒரு டிரிப்பர் போட்டிருக்கிறீர்கள். எங்களுடையது மணல் மண், தண்ணீர் பக்கவாட்டில் பரவாமல் நேராக இறங்கிவிடும். சிறுகீரை தோசை தோசையாக வட்டத்தில் பச்சையாகவும் நடுவே வெறும் மண்ணாகவும் நிற்கிறது. ஒரு அடிக்கு ஒரு துளை உள்ள இன்லைன் குழாய் இரண்டு வரிசை ஓடியிருந்தால் போதும். செம்பருத்தி வேலிக்கும் அதுவே போதும். அங்கே செடிக்கொரு மைக்ரோ டியூப் (மெல்லிய கிளைக் குழாய்) இழுத்திருக்கிறீர்கள், பெருக்கும்போதெல்லாம் துடைப்பத்தில் மாட்டுகிறது.

அப்புறம், எல்லாவற்றுக்கும் ஒரே லைன், ஒரே நேரம். இந்த வெயிலுக்கு மாடிப் பைகள் காலையும் மாலையும் தண்ணீர் கேட்கின்றன. வேரூன்றிய வேலிக்கு மூன்று நாளைக்கு ஒரு முறை விட்டாலே போதும். தனித்தனியாக மூட ஒரு வால்வுகூட கிட்டில் இல்லை.

"பூஸ்டர் பம்ப் வாங்குங்கள்" என்று கடைசியாகச் சொன்னீர்கள். முதலிலேயே சொல்லியிருந்தால் நான் பூவாளியோடு நின்றிருப்பேன்.

16 மில்லிமீட்டர் மெயின் குழாயை மட்டும் வைத்துக்கொள்கிறேன், அதன் விலையைக் கழித்துக்கொள்ளுங்கள். டைமர், டிரிப்பர், மைக்ரோ டியூப் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு மீதிப் பணத்தை 15 நாளுக்குள் அனுப்புங்கள். இல்லையென்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுப்பேன். ஆள் அனுப்புவதானால் காலை எட்டு மணிக்கு மேல் அனுப்புங்கள். அதுவரை மாடியில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருப்பேன், காலிங் பெல் கேட்காது.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்,
மதுரை