பண்ணைக் கோழியின் பூர்வீகம்: மாணிக்கத்துக்கு ஒரு கடிதம்

புக்கிட் மெர்தாஜம்,
பினாங்கு

அன்புள்ள மாணிக்கம்,

நலம்தானே? பண்ணையில் வாங்கிய பழுப்புப் பெட்டைகளைக் கம்பத்து நாட்டுச் சேவலோடு சேர்த்துக் குஞ்சு பொரிக்க வைத்ததாகவும், அவை வளர்ந்த பின் தாயில் பாதிகூட முட்டையிடவில்லை என்றும் வருந்தி எழுதியிருந்தாய். தீவனக்காரரை ஏசாதே. குறை தீவனத்தில் இல்லை, பிறப்பில் இருக்கிறது.

நீ வாங்கியது தனி இனமே அல்ல. 1978இல் பிரான்சில் உருவான ஐஎஸ்ஏ பிரவுன் என்ற முட்டைக்கோழியைப் போல, தனித்தனியாகப் பேணி வளர்த்த நான்கு வம்சங்களை இரண்டிரண்டாக இணைத்து, பிறந்தவற்றை மறுபடியும் இணைத்துப் பெற்ற வீரிய ஒட்டு அது. ஆண்டுக்கு 300 முட்டை என்பது அந்தச் சேர்க்கையின் பலன். அடுத்த தலைமுறையிலேயே அது சிதறிவிடும். இந்த உத்தி சோளக்கொல்லையிலிருந்து வந்ததுதான். வீரிய ஒட்டு மக்காச்சோள விதை விற்ற ஹென்றி வாலஸ், அதே முறையைக் கோழியில் புகுத்தி 1936இல் ஹை-லைன் நிறுவனத்தைத் தொடங்கினார். பிறகு அமெரிக்கத் துணை அதிபராகவும் ஆனார். விதைக்காரனிடம் ஆண்டுதோறும் கையேந்தும் விவசாயியின் நிலைதான் பண்ணைக்காரனுக்கும்.

என்னை வியக்க வைத்தது குஞ்சின் நிறம். பொன்னிறத்துக்குரிய மரபணுவுடைய சேவலையும் வெள்ளிநிறத்துக்குரிய மரபணுவுடைய பெட்டையையும் சேர்த்தால், பொரித்த அன்றே சேவல் குஞ்சு வெளிர் மஞ்சளாகவும் பெட்டைக் குஞ்சு பழுப்பாகவும் இருக்கும். கோழிகளில் தாயிடம், ஆணா பெண்ணா என்பதைத் தீர்மானிக்கும் குரோமோசோம்களில் இசட் என்பது ஒன்றுதான் உண்டு. நிறத்தைச் சுமக்கும் அதை அவள் மகனுக்கே கொடுப்பாள், மகளோ தகப்பனின் நிறத்தைப் பெறுவாள். தட்டில் கொட்டினால் குழந்தைகூடப் பிரித்துவிடலாம். பிரித்த பின் மஞ்சள் குஞ்சுகளுக்குப் பெரும்பாலும் அன்றே முடிவு கட்டிவிடுகிறார்கள் என்பதை எண்ணினால்தான் அந்த வியப்பு கசந்துபோகிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்தப் பொன்னிறம் பெரும்பாலும் ரோட் ஐலண்ட் ரெட் வழி வந்தது. 19ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவில் அந்த இனத்தை உருவாக்கியபோது சேர்த்தவற்றில் மலாய் இனச் சிவப்புச் சேவலும் ஒன்று. நாம் சீமைக்கோழி என்று ஒதுக்குகிறோமே, அதன் பாட்டன் பெயரிலேயே நம் தீபகற்பம் இருக்கிறது!

அடைகாக்கும் குணத்தைத்தான் அதனிடமிருந்து ஏறக்குறைய துடைத்துவிட்டார்கள். என் பழுப்புப் பெட்டை முட்டையிட்டதும் திரும்பிக்கூடப் பாராமல் போய்விடும். அதன் முட்டைகள் பதினொன்றின் மேல் இப்போது கம்பத்துக் கோழி ஒன்று, கிட்டே போனாலே சிறகை விரித்துச் சீறிக்கொண்டு, ஒன்பது நாளாக உட்கார்ந்திருக்கிறது. இன்னும் பன்னிரண்டு நாள். அதிகம் முட்டையிடும் என்ற ஆசையில் வைக்கவில்லை. உனக்குக் கிடைத்ததே எனக்கும் கிடைக்கும். என்னென்ன நிறத்தில் பொரிகின்றன என்று எழுதுகிறேன்.

அன்புடன்,
சுப்பையா