ஆய்வு எங்கே நடந்தது என்பதையும் எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 'இந்தப் பரிசோதனை 90 சதவீதம் துல்லியமானது' என்று மருத்துவச் செய்திகள் வருகின்றன. சோதிக்கப்பட்டவர்கள் பெரிய மருத்துவமனைக்கு அனுப்பப்பட்டவர்களா, குடும்ப மருத்துவரிடம் நேராக வந்தவர்களா என்பது மட்டும் பெரும்பாலும் இருப்பதில்லை. அது தெரியாமல் அந்த 90-ஐ நம்பக் கூடாது.

நோய் உள்ளவர்களில் 90 சதவீதம் பேருக்கு 'உண்டு' என்றும், இல்லாதவர்களில் 90 சதவீதம் பேருக்கு 'இல்லை' என்றும் சரியாகக் காட்டும் பரிசோதனை என்று வைத்துக்கொள்வோம். சிறப்பு மருத்துவரிடம் வரும் 1,000 பேரில் 400 பேருக்கு நோய் இருந்தால், 360 பேருக்குச் சரியாகவும் 60 பேருக்குத் தவறாகவும் 'உண்டு' என வரும். குடும்ப மருத்துவரிடம் வரும் 1,000 பேரில் 20 பேருக்குத்தான் அந்த நோய் என்றால், சரியாக வருவது 18. தவறாக வருவது 98. 'உண்டு' எனக் கேட்டுக் கலங்கிப்போகும் ஆறு பேரில் ஏறக்குறைய ஐந்து பேருக்கு நோயே கிடையாது! பரிசோதனை மாறவில்லை, வந்தவர்கள்தான் வேறு.

எவ்வளவு வேறு என்பதை 1961-லேயே மருத்துவ ஆய்வாளர் கெர் ஒயிட் குழுவினர் காட்டிவிட்டார்கள். 1,000 பெரியவர்களில் ஒரு மாதத்தில் 750 பேருக்கு ஏதோ ஓர் உடல்நலக் குறை. 250 பேர் மருத்துவரைப் பார்க்கிறார்கள். பல்கலைக்கழக மருத்துவமனைக்கு அனுப்பப்படுவது ஒரே ஒருவர். அந்த ஒருவரை ஆராய்ந்து கண்டதை மற்ற 249 பேர் மீதும் சுமத்துவது அநியாயம்.

ஆகவே ஆய்வு குடும்ப மருத்துவரின் கிளினிக்கிலேயே நடக்க வேண்டும். அதில் வழுக்கும் இடங்களும் உண்டு. கூட்டமில்லாத நேரத்தில் வருபவர்களை மட்டும் சேர்த்தால் முடிவு கோணும். வரிசையில் வரும் எல்லோரையும் சேர்க்க வேண்டும். நோயின் பெயரோடு, 'தலை கிறுகிறுங்குது' என்று நோயாளி சொன்னதையும் அப்படியே குறிக்க வேண்டும். திரும்பி வராதவர் குணமாகிவிட்டார் என்று கொள்ளவே கூடாது. அவர் வேறு மருத்துவரிடம் போயிருக்கலாம், போன் போட்டுக் கேட்க வேண்டும். ஆலோசனை சொல்லும் புதிய முறையைச் சோதிக்கும்போது, ஒரே மருத்துவரைப் பாதிப் பேருக்குப் பழைய முறையில் பேசச் சொன்னால், புதியது அதிலும் கலந்துவிடும். அதனால் சில கிளினிக்குகளுக்குப் புதிய முறை, மற்றவற்றுக்குப் பழையது என்று கிளினிக் கிளினிக்காகக் குலுக்கல் போட்டுப் பிரிக்கிறார்கள். ஒரே கிளினிக்கின் நோயாளிகள் ஓரளவு ஒத்திருப்பார்கள் என்பதால், அப்போது இன்னும் அதிகம் பேரைச் சேர்க்க வேண்டும்.

உங்கள் நாளிதழில் இரண்டு வரி கூடுதலாக வந்தால் போதும்: நோயாளிகள் எங்கிருந்து சேர்க்கப்பட்டார்கள், 'உண்டு' என்று வந்தவர்களில் எத்தனை பேருக்கு உண்மையில் நோய் இருந்தது.

இப்படிக்கு,
ஒரு குடும்ப மருத்துவர்